இருவர் எடுக்கும் முடிவு, ஒருவர் சுமக்கும் பாரம்



"ஐயா, நான் குடும்பக் கட்டுப்பாடு ஆப்பரேஷன் பண்ணிக்கிட்டேன். இது பாவமா?"

நம் இதழுக்கு வரும் கடிதங்களில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி இது. பெயர் இருக்காது, ஊர் மட்டும் இருக்கும். திருப்பூர், அவிநாசி, பல்லடம் என்று பனியன் கம்பெனி உள்ள ஊர்களிலிருந்து வரும். உடுமலைக்குத் தெற்கே, அணையடியில் இருக்கும் அமராவதி நகரிலிருந்தும் வரும். சில கடிதங்களில் கேள்வி கொஞ்சம் மாறும். காப்பர் டி போட்டுக்கொண்டு நற்கருணை வாங்கலாமா? மாத்திரை சாப்பிட்டால் கருவைக் கொன்றதாகுமா? வீட்டுக்காரருக்குத் தெரியாமல் ஊசி போட்டுக்கொள்கிறேன், ஆண்டவர் மன்னிப்பாரா?

இந்தக் கடிதங்களை எழுதியவர்கள் எல்லாரும் பெண்கள். "என் மனைவியை ஆப்பரேஷனுக்கு அனுப்பினேன், நான் செய்தது சரியா?" என்று ஒரு கணவர்கூட இதுவரை கேட்டதில்லை.

அதனால்தான் இந்த மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்குகிறேன்.

நம் வீடுகளின் நிலைமை உங்களுக்குத் தெரியாததா? கணவன் கட்டிங்கில், மனைவி செக்கிங்கில். ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம் வந்தால் அதிலேயே வாடகை, சீட்டு, மளிகைக் கடை பாக்கி எல்லாம் போய்விடும். முதல் பிள்ளையைச் சொந்த ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு இங்கே வேலை பார்ப்பவர்கள் எத்தனை பேர்! இந்த நிலையில் இன்னொரு பிள்ளை இப்போதா, இரண்டு வருடம் கழித்தா, போதுமா என்ற கேள்வி வராத வீடு உண்டா?

ஆனால் கோயிலில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. குடியைப் பற்றிப் பிரசங்கம் உண்டு, செல்போனைப் பற்றி உண்டு, காணிக்கையைப் பற்றிக் கட்டாயம் உண்டு. திருமணத்தன்று பிள்ளைப் பேற்றுக்காக ஒரு ஜெபம் சொல்வார்கள். அதோடு சரி. மீதியை அந்தப் பெண் நர்ஸம்மாவிடமோ பக்கத்து மெஷினில் இருக்கும் அக்காவிடமோ கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறாள்.

முதலில் சபைகள் என்ன சொல்கின்றன என்று நேராகப் பார்த்துவிடுவோம்.

1930 வரை இதில் கத்தோலிக்கர், புரொட்டஸ்டண்ட் என்ற வித்தியாசமே பெரிதாக இல்லை. செயற்கைக் கருத்தடையை எல்லாரும் எதிர்த்தார்கள். லூத்தரும் கால்வினும்கூட ஆதியாகமம் 38ஆம் அதிகாரத்து ஓனானின் கதையைக் காட்டி அதைக் கண்டித்தவர்கள்தான். ஆங்கிலிக்கன் ஆயர்கள் கூடும் லாம்பெத் மாநாடு 1908லும் 1920லும் கூடாது என்றே சொன்னது.

அதே மாநாடு 1930 ஆகஸ்டில் மாற்றிப் பேசியது. பிள்ளைப் பேற்றைத் தள்ளிப்போட நல்ல காரணம் இருந்து, முழுக்க விலகியிருப்பதும் சரிப்படாது என்றால், கிறிஸ்தவ மனசாட்சிக்கு உட்பட்டு வேறு வழிகளையும் பயன்படுத்தலாம் என்றது அதன் 15ஆம் தீர்மானம். ஆதரவு 193 ஓட்டு, எதிர்ப்பு 67. சுயநலத்துக்காகவோ சொகுசுக்காகவோ செய்வதை அப்போதும் அது கண்டித்தது. பிறகு மற்றப் புரொட்டஸ்டண்ட் சபைகள் பலவும் அந்த வழிக்கு வந்தன. 1947ல் உருவான நம் தென்னிந்திய திருச்சபையும் அந்த மரபில் வந்ததுதான். அங்கே இது தம்பதியரின் மனசாட்சிக்கு விடப்பட்ட காரியம். பெந்தெகொஸ்தே சபைகளில் பாஸ்டருக்குப் பாஸ்டர் கருத்து மாறும்.

கத்தோலிக்கத் திருச்சபை அந்த 1930லேயே பதில் சொல்லிவிட்டது. டிசம்பர் 31ஆம் தேதி திருத்தந்தை பதினோராம் பயஸ் ஒரு சுற்றுமடலில் செயற்கைத் தடையை அழுத்தமாக மறுத்தார். 1951ல் பன்னிரண்டாம் பயஸ் இத்தாலிய மருத்துவச்சிகளிடம் பேசும்போது, தகுந்த காரணம் இருந்தால் கருத்தரிக்காத நாட்களைப் பார்த்து நடந்துகொள்ளலாம் என்றார்.

அறுபதுகளில் மாத்திரை வந்த பிறகு கேள்வி மறுபடி எழுந்தது. 1963ல் இருபத்து மூன்றாம் யோவான் ஓர் ஆய்வுக் குழு அமைத்தார். அவருக்குப் பின் வந்த ஆறாம் பவுல் அதைப் பெரிதாக்கினார். திருமணமான தம்பதியரும் அதில் இடம்பெற்றார்கள். 1966ல் அந்தக் குழுவில் பெரும்பான்மையோர், போதனையை மாற்றலாம் என்றார்கள். ஆறாம் பவுல் அதை ஏற்கவில்லை. 1968 ஜூலையில் வந்த 'ஹுமானே வீத்தே' சுற்றுமடல் மாத்திரை, சாதனம், நிரந்தர அறுவை சிகிச்சை எல்லாவற்றையும் மறுத்தது. இயற்கை முறையை மட்டும் ஏற்றது. அன்றிலிருந்து இன்றுவரை அதுதான் அதிகாரப்பூர்வப் போதனை.

ஆகவே, கத்தோலிக்க வாசகி கேட்டால், திருச்சபை இதை ஏற்பதில்லை என்பதுதான் உண்மையான பதில். அதை மழுப்பி எழுதினால் உங்களுக்கு நான் நேர்மையாக இல்லை.

ஆனால் அந்த ஒரு வரியோடு ஒரு பெண்ணை அனுப்பிவிடலாமா? அந்தச் சுற்றுமடலே அப்படி அனுப்பச் சொல்லவில்லை. தவறிப்போன தம்பதியர் மனம் தளராமல் கடவுளின் இரக்கத்தை நாடட்டும் என்கிறது. குருக்களிடம், ஆண்டவர் காட்டிய பொறுமையோடும் கனிவோடும் நடந்துகொள்ளுங்கள் என்கிறது. நோய்க்காக எடுக்கும் சிகிச்சையால் கருத்தரிப்பு தடைபட்டாலும் அது குற்றமில்லை என்கிறது. கர்ப்பப்பைக் கோளாறுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த ஹார்மோன் மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டுத் தூக்கம் கெட்டு அழும் பெண்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொன்னார்களா?

இன்னும் இரண்டு விஷயங்கள் அதில் உண்டு. நான் கேட்ட பிரசங்கம் எதிலும் அவை வந்ததில்லை. மனைவியின் உடல்நிலையையோ விருப்பத்தையோ பார்க்காமல் கணவன் அவள்மேல் திணிக்கும் உறவு உண்மையான அன்பு ஆகாது என்பது ஒன்று. கருத்தடை எளிதாகிவிட்டால் ஆண்கள் பெண்ணை வெறும் கருவியாகப் பார்க்கத் தொடங்கிவிடுவார்களோ என்ற ஆறாம் பவுலின் கவலை மற்றொன்று. அவருடைய தீர்ப்பை நீங்கள் ஏற்கலாம், ஏற்காமல் போகலாம். அந்தக் கவலையை யாராவது தள்ள முடியுமா?

சபைகளின் வேற்றுமை வழிமுறையில்தான். எத்தனை பிள்ளை, எவ்வளவு இடைவெளி என்பதைப் பொறுப்போடு யோசிக்க வேண்டும் என்பதில் வேற்றுமை இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965லேயே, கடவுள் முன்னிலையில் இந்த முடிவைக் கடைசியாக எடுக்க வேண்டியவர்கள் பெற்றோரே என்று சொல்லிவிட்டது. 2015 ஜனவரியில் மணிலாவிலிருந்து திரும்பும் விமானத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். நல்ல கத்தோலிக்கர் என்றால் முயல் போலப் பெற்றுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை என்றார். ஏழு முறை சிசேரியன் ஆகி எட்டாவதாகக் கர்ப்பமாக இருந்த ஒரு தாயைக் கண்டித்ததாகவும் சொன்னார்.

'பலுகிப் பெருகுங்கள்' என்பது ஆசீர்வாதம். அதை மாதக் கணக்கு வைத்து வசூலிக்கும் கடனாக்கியது நாம்தான்.

சரி, நடைமுறையில் நாம் என்ன செய்கிறோம்? 2019-21ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. இந்தியா முழுவதும் கிறிஸ்தவப் பெண்களை மட்டும் எடுத்தாலும் 1.88தான். பிரசங்கத்தில் என்ன சொன்னாலும், சொல்லாவிட்டாலும், நம் வீடுகள் எப்போதோ முடிவெடுத்துவிட்டன.

யார் உடம்பில் எடுத்தோம் என்பதுதான் அடுத்த கேள்வி. அதே கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள திருமணமான தமிழ்நாட்டுப் பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை ஆப்பரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட வீடுகள் 0.1 சதவீதம். ஆயிரத்துக்கு ஒன்று!

எப்போதும் இப்படி இருக்கவில்லை. ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் அன்றைய சென்னை மாநிலத்தில் ஆப்பரேஷன் செய்துகொண்டவர்களில் ஆண்கள்தான் அதிகம். நம் தாத்தாக்கள் காலம் அது! அப்புறம் நெருக்கடிநிலை வந்தது. 1976-77ல் ஒரே வருடத்தில் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை ஆப்பரேஷன்கள். அதில் சுமார் 62 லட்சம் ஆண்களுக்கு. வடமாநிலங்களில் ஆட்களைப் பிடித்து இழுத்துச் சென்ற கதைகள் நாடெங்கும் பரவின. அந்தப் பயத்தில் ஆண்கள் ஒதுங்கினார்கள். அரசாங்கமும் அதற்குப் பிறகு பெண்கள் பக்கமே திரும்பிவிட்டது. ஒரு ஆட்சி செய்த அநியாயத்துக்கு ஐம்பது வருடமாக மனைவிமார் ஈடுகட்டுகிறார்கள்.

ஆணுக்கான இன்றைய ஆப்பரேஷன் எப்படிப்பட்டது? கத்தி வைக்காமல், தையல் போடாமல், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்துச் செய்வது. கால்மணி நேரத்துக்குள் முடியும். அன்றே வீட்டுக்கு வரலாம். பெண்ணுக்கு என்றால் வயிற்றைத் திறக்க வேண்டும். "பலம் போய்விடும், ஆண்மை போய்விடும், மூட்டை தூக்க முடியாது" என்பதெல்லாம் டீக்கடைப் பேச்சு. விந்தணு வரும் குழாயை மட்டும்தான் அடைக்கிறார்கள். ஹார்மோனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். உடனே பலன் தராது. மூன்று மாதம் வேறு பாதுகாப்போடு இருந்து, பிறகு டெஸ்ட் எடுத்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இ.எஸ்.ஐ. பிடிக்கும் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு தகவல். தகுதிக்கான சந்தா நாட்கள் இருந்தால், ஆண் செய்துகொண்டால் 7 நாள், பெண் செய்துகொண்டால் 14 நாள் முழுச் சம்பளத்துக்கு ஈடான தொகை உண்டு. பிரசவ விடுப்புக்கும் கணக்கு இருக்கிறது. முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம், மூன்றாவதிலிருந்து 12 வாரம். சம்பளத்தில் மாதா மாதம் பிடிக்கிறார்கள், கேட்டு வாங்கத் தெரிந்திருக்க வேண்டாமா?

இயற்கை முறையையே பின்பற்ற நினைக்கும் கத்தோலிக்கத் தம்பதியர் இருக்கிறார்கள். அவர்களை யாரும் பழைய பஞ்சாங்கம் என்று கேலி செய்ய வேண்டாம். அன்னை தெரேசா கல்கத்தாவின் ஏழைக் குடும்பங்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தார். 1979ல் நோபல் பரிசு உரையிலேயே அதைப் பெருமையோடு குறிப்பிட்டார். கற்றுக்கொண்டு ஒழுங்காகச் செய்தால் பலன் உண்டு.

ஆனால் 'ஒழுங்காக' என்ற சொல்லில்தான் நம் ஊர்ச் சிக்கல் இருக்கிறது. உடல் வெப்பத்தை அளக்கும் முறைக்கு, நன்றாகத் தூங்கி எழுந்ததும் தினமும் ஒரே நேரத்தில் தெர்மாமீட்டர் வைக்க வேண்டும். இந்த வாரம் பகல் ஷிப்ட், அடுத்த வாரம் நைட் ஷிப்ட் என்று மில்லில் நிற்கும் பெண் எந்த நேரத்தில் வைப்பாள்? அவளுக்கு, கருப்பைவாய்த் திரவத்தைக் கவனிக்கும் பில்லிங்ஸ் முறை கொஞ்சம் தோதாக இருக்கலாம். அதையும் தெரிந்தவர்களிடம் முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும். காலண்டரில் தேதி எண்ணுவது மட்டும் போதாது.

எந்த முறையானாலும் "இன்றைக்கு வேண்டாம்" என்று மனைவி சொல்லும் நாளில் கணவன் முகம் கோணாமல் கேட்க வேண்டும். குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டும் கணவனிடம் எந்த இயற்கை முறை செல்லும்? இதைப் போதிக்கும் சபை, முதல் வகுப்பைக் கணவர்களுக்குத்தான் எடுக்க வேண்டும்.

"பால் கொடுக்கிறவரைக்கும் தங்காது" என்று பாட்டிமார் சொல்வதிலும் உண்மை உண்டு, நிபந்தனையோடு. குழந்தைக்கு ஆறு மாதம் தாண்டியிருக்கக் கூடாது. இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. மூன்றாவது மாதமே கம்பெனிக்குத் திரும்பி, பகலில் புட்டிப்பால் என்றால், பாட்டியை நம்பி இருக்காதீர்கள்.

மற்ற முறைகளை மனசாட்சிப்படி ஏற்பவர்களுக்கும் இப்போது வழிகள் பல. அரசு மருத்துவமனைகளில் காப்பர் டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை எல்லாம் இலவசம். ஹார்மோன் மாத்திரை பெரும்பாலும் கருமுட்டை வெளிவராமல் தடுக்கிறது. காப்பர் டி பெரும்பாலும் விந்தணுவைச் செயலிழக்க வைக்கிறது. எது யாருக்கு ஒத்துவரும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. உருவான உயிரை அழிக்கக் கூடாது என்பதில் சபைகள் பெரும்பாலும் ஒரே பக்கம் நிற்கின்றன. அப்படியானால் வேண்டாத நேரத்தில் கரு உண்டாகாமல் பார்த்துக்கொள்வதைப் பற்றி வாய்திறந்து பேச வேண்டியவர்களும் நாம்தானே? பேசாமல் இருந்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் மெடிக்கல் ஷாப்பில் கலைப்பு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு, ரத்தப்போக்கோடு ஆஸ்பத்திரிக்கு ஓடும் பெண்ணைப் பாவி என்று சொல்வது என்ன நியாயம்?

இன்னொரு பக்கத்திலிருந்தும் சத்தம் கேட்க ஆரம்பித்திருக்கிறது. கேரளத்தில் பாலா மறைமாவட்டம் 2021ல், 2000க்குப் பிறகு திருமணமாகி ஐந்து பிள்ளைகளோ அதற்கு மேலோ உள்ள குடும்பங்களுக்கு மாதம் 1,500 ரூபாய் தருவதாக அறிவித்தது. 2025 மார்ச்சில் நாகப்பட்டினம் திருமண விழாவில் முதல்வர் ஸ்டாலின், மக்கள்தொகையை வைத்துச் செய்யும் தொகுதி மறுவரையறையைச் சொல்லி, மணமக்கள் சீக்கிரம் பிள்ளை பெற்றுக்கொள்ளட்டும் என்றார். அவரவர் கவலை அவரவருக்கு. 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று சுவரில் எழுதியதும் இதே அரசாங்கங்கள்தானே? குறைக்கச் சொன்னாலும் கூட்டச் சொன்னாலும், பத்து மாதம் சுமக்கப்போவது பெண். அவளைக் கேட்டுவிட்டுப் பேசலாமே!

பிள்ளைக்காகக் காத்திருக்கும் வீடுகளையும் மறந்துவிடக் கூடாது. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் "என்ன கண்ணு, விசேஷம் ஏதாச்சும் உண்டா?" என்று கேட்கும் அத்தைமாரே, அந்தக் கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அவர்கள் தள்ளிப்போட்டிருக்கலாம். தவமாய்த் தவமிருக்கலாம். போன மாதம்தான் கரு கலைந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் நம் கேள்வி காயத்தைத்தான் கிளறும்.

முடிப்பதற்கு முன் போதகர்களுக்கும் பங்குத் தந்தையருக்கும் ஒரு விண்ணப்பம். திருமணத்துக்கு முன் நடத்தும் வகுப்பில் இதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் சபையின் போதனையை ஒளிக்காமல் சொல்லுங்கள். ஒரு டாக்டரையும் கூட்டி வாருங்கள். மணமகனும் உட்கார்ந்து கேட்கட்டும்.

கணவர்களுக்கு என் வேண்டுகோள் இதைவிடச் சின்னது. வருகிற ஞாயிறு மத்தியானம், சாப்பிட்டு முடித்து, டி.வி.யை நிறுத்திவிட்டு, மனைவியிடம் பேசுங்கள். உனக்கு எத்தனை பிள்ளை வேண்டும்? உன் உடம்பு எப்படி இருக்கிறது? இதில் என் பங்கு என்ன? இந்த மூன்றைக் கேளுங்கள். மாமியார் இதைச் சொன்னார், டாக்டர் அதைச் சொன்னார் என்பதெல்லாம் அப்புறம். இரண்டாவது சிசேரியன் மேஜையில் படுத்திருப்பவளிடம் "கட்டி விட்டுடலாமா?" என்று கேட்டுக் கையெழுத்து வாங்குவதற்குப் பெயர் கலந்து பேசுவது இல்லை.

இருவரும் பேசி, ஜெபித்து எடுத்த முடிவு இயற்கை முறையாக இருக்கலாம், ஊசியாக இருக்கலாம், இன்னொரு பிள்ளையாகவும் இருக்கலாம். உங்கள் சபையும் உங்கள் மனசாட்சியும் அதற்கு வழிகாட்டட்டும். ஆப்பரேஷன்தான் என்று முடிவானால், அதை ஏன் நீங்கள் செய்துகொள்ளக் கூடாது என்று ஒருமுறை உங்களையே கேட்டுப்பாருங்கள். வழிமுறைகளில் சபைகள் வேறுபடட்டும். பெற்றெடுத்தவளின் உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்பதில் எந்தச் சபைக்கு வேறு கருத்து?

அன்புடன்,
ஆசிரியர்